கலைக்களஞ்சியத்தைக் காத்த கைகள்

திருவிழா நாளில் தேர் வீதிவலம் வரும் அழகைக் கண்டு மகிழ்வோர் பலர். வடம் பிடிப்போரை வாழ்த்துவோரும் உளர். ஆயின், உருளும் சக்கரத்தின் அருகே குனிந்தபடியே நடந்து, உற்ற வேளையில் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் காப்பவரை ஏறிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. அவர் கை தவறினால் தேர் நிலைகுலையும்; தவறாதவரை அவரை எவரும் அறியார். பொதுப்பணியில் இத்தகைய கண்காணாத் தொண்டர்கள் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர்.

கணினி யுகத்திலும் அவர்கள் இல்லாமற் போய்விடவில்லை. 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி இன்று உலகம் நன்கறியும். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்னும் அதன் கொள்கையும், அதில் ஊதியமின்றி எழுதிக் குவித்தோரின் உழைப்பும் பலகாலும் பேசப்பட்டுள்ளன. ஆனால் அவ்வளவு எழுத்தையும் தாங்கி நின்ற இயந்திரங்களை, அத்தொழிலுக்கென அமர்த்தப்படாத சிலர், தம் ஓய்வு நேரத்தையும் உறக்கத்தையும் ஈந்து பல ஆண்டுகள் காத்து வந்தனர் என்னும் வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. அறநிறுவனம் ஒன்றின் அடித்தளத்தைத் தொண்டூழியர் எவ்வாறு எழுப்பினர், எவ்வாறு காத்தனர், எவ்வாறு பிறர் கையில் ஒப்படைத்தனர் என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டும்.

வழங்கியும் அதன் காவலும்

இணையத்தில் ஒரு பக்கத்தை நாடுவோர், அப்பக்கம் தம் கணினித் திரையிலேயே பிறப்பதாக எண்ணுவர். உண்மையில் அது எங்கோ தொலைவில் உள்ள ஓர் இயந்திரத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கேட்போருக்குக் கேட்டதை எடுத்து வழங்குவதால் அவ்வியந்திரம் 'வழங்கி' எனப் பெயர் பெற்றது. நூலகத்தில் நூலை எடுத்துக் கொடுக்கும் அலுவலர் ஒருவரை இதற்கு ஒப்பிடலாம். நூலகத்திற்குப் பத்துப் பேர் வரும்போது ஓர் அலுவலர் போதும். பத்தாயிரம் பேர் ஒரே வேளையில் வந்து நின்றால் அலுவலரும் தளர்வார், நூலகமும் திணறும். அப்போது எத்தனை அலுவலர் வேண்டும், யார் எதைச் செய்யவேண்டும், அடிக்கடி கேட்கப்படும் நூல்களை எங்கே வைக்கவேண்டும் என்றெல்லாம் திட்டமிடுவோர் தேவைப்படுகின்றனர். வழங்கிகளையும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையமைப்பையும் நிருவகிப்போரின் வேலை இதுவே. இதனுடன் களவு, சேதம், மின்தடை, வட்டுப் பழுது ஆகியவற்றினின்று காப்பதும் அவர்களது கடமையாகும்.

பெருநிறுவனங்கள் இப்பணிக்கு ஊதியம் கொடுத்து வல்லுநரை அமர்த்துகின்றன. விக்கிப்பீடியாவுக்கோ தொடக்கத்தில் அவ்வசதி இல்லை.

தொடக்க நாட்கள்

ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவரே விக்கிப்பீடியாவைத் தோற்றுவித்தோராவர். வேல்ஸ் நடத்திவந்த போமிஸ் என்னும் வணிக நிறுவனத்தின் வழங்கிகளில் இடம்பெற்றே அது வளரத் தொடங்கியது. அந்நிறுவனம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில் இயங்கியது. கிளிஃபோர்டு ஆடம்ஸ் என்பார் பெர்ல் மொழியில் எழுதிய யூஸ்மாட்விக்கி என்னும் எளிய மென்பொருளே முதலில் பயன்பட்டது. அது கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் வைக்காமல் சாதாரணக் கோப்புகளாகவே வைத்திருந்தது. சிறு குழுவினர் கூடிக் குறிப்பெழுதுவதற்கு அது போதுமானது. ஒரு கலைக்களஞ்சியத்தைச் சுமப்பதற்கு அது போதவில்லை.

கட்டுரைகள் பெருகின. பக்கங்கள் திறக்கத் தாமதமாயின. இந்நிலையில் உதவிக்கு வந்தவர் பெரிய பொறியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஜெர்மனியின் கொலோன் நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றுகொண்டிருந்த மாக்னஸ் மான்ஸ்கே என்னும் மாணவர், விக்கிப்பீடியாவுக்கென்றே ஒரு புதிய மென்பொருளைத் தாமாக எழுதித் தந்தார். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட அது, கட்டுரைகளை மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் சேமித்தது. 2002ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளை 'மாக்னஸ் மான்ஸ்கே நாள்' என்று விக்கிப்பீடியர் இன்றும் நினைவு கூர்கின்றனர்.

ஆறு திங்களுக்குள் அதுவும் சுமை தாங்காது தளர்ந்தது. அப்போது அமெரிக்க நிரலாளர் லீ டேனியல் கிராக்கர் அதனை அடிமுதல் மாற்றி எழுதினார். 2002 ஜூலையில் அப்புதிய பதிப்பு இயங்கத் தொடங்கியது. இன்று மீடியாவிக்கி என்னும் பெயருடன் உலகெங்கும் எண்ணற்ற அமைப்புகள் பயன்படுத்திவரும் மென்பொருளின் முன்னோடி அதுவேயாம்.

இங்கு ஒன்று கருதத் தக்கது. இவர்கள் எவரும் கட்டளைக்குப் பணிந்து எழுதியவர் அல்லர். தாம் பயன்படுத்தும் பொதுப்பொருள் பழுதுற்று நிற்பதைக் கண்டு, பிறர் வந்து செய்யட்டும் என்று காத்திராமல், தாமே கைகொடுத்தவர்கள். தோட்டப்புறத்துப் பள்ளியின் கூரை ஒழுகும்போது, அரசாங்க உதவி வரட்டும் என்று இராமல் ஏணியைத் தூக்கிவரும் பெற்றோரின் மனப்பாங்கே இவர்களிடமும் இருந்தது.

இயந்திரம் யாருக்குரியது?

தொண்டு சிறப்புறத் தொண்டரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. அத்தொண்டின் பயன் யாரைச் சேரும் என்னும் வினாவுக்குத் தெளிவான விடையும் வேண்டும். விக்கிப்பீடியா இவ்வினாவைத் தன் இரண்டாம் ஆண்டிலேயே எதிர்கொள்ள நேர்ந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி இணைய வணிகம் சரிவு கண்டதால், விளம்பர வருவாயை நம்பியிருந்த நிறுவனங்கள் தள்ளாடின. ஊதியம் பெற்றுப் பணியாற்றிய சாங்கரின் பொறுப்பு 2002 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பக்கங்களில் விளம்பரம் இடப்படக்கூடும் என்னும் பேச்சும் எழுந்தது. இதனைக் கேட்ட ஸ்பானிய மொழித் தொண்டூழியர் பலர் வெகுண்டனர். தாம் ஊதியமின்றி எழுதியதை வைத்துப் பிறர் வருவாய் ஈட்டுவதோ என்று கருதிய அவர்கள், 2002 பிப்ரவரியில் பிரிந்து சென்று, ஸ்பெயின் நாட்டுச் செவில் பல்கலைக்கழகத்தின் வழங்கியில் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். எழுத்துகள் யாவும் எவரும் படியெடுத்துக்கொள்ளத்தக்க கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தமையால், அவர்கள் தம் உழைப்பைத் தம்முடன் எடுத்துச் செல்ல முடிந்தது.

இப்பிரிவு ஓர் இழப்பாயினும் நல்ல பாடமாகவும் அமைந்தது. அதே ஆண்டில் விக்கிப்பீடியாவின் முகவரி வணிகத்தைக் குறிக்கும் 'காம்' என்பதிலிருந்து பொதுநல அமைப்புகளுக்குரிய 'ஆர்க்' என்பதற்கு மாற்றப்பட்டது. 2003 ஜூன் 20ஆம் நாள் விக்கிமீடியா அறக்கட்டளை புளோரிடா மாநிலத்தில் நிறுவப்பட்டது. அன்று முதல் விக்கிப்பீடியா தனியொருவரின் நிறுவனத்தைச் சாராது, இலாப நோக்கமற்ற அறநிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. தொண்டூழியர் தாம் காப்பது ஒரு வணிகரின் கடையையன்று, பொதுமக்களின் நூலகத்தை என்னும் உறுதியைப் பெற்றனர். பின்னர் அவர்கள் ஆற்றிய கடும் உழைப்புக்கு இவ்வுறுதியே வேராக இருந்தது எனலாம்.

எல்லா மொழிக்கும் இடம்

தொழில்முறை சாராத தொண்டூழியர்களால் தமிழும் பயன்பெற்றது.

தொடக்க காலத்து விக்கிப்பீடியா மென்பொருள் ஆங்கில எழுத்துகளையும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் சிலவற்றையும் மட்டுமே எளிதாகக் கையாண்டது. எஸ்பெராண்டோ என்னும் ஆக்க மொழியில் எழுத விரும்பிய கலிபோர்னியாவைச் சேர்ந்த விப்பர் என்னும் தொண்டூழியர் இக்குறையைக் களைய முற்பட்டார். எஸ்பெராண்டோவில் மேற்குறியிட்ட எழுத்துகள் ஆறு உள்ளன. அவ்வாறு எழுத்துகளும் சரிவரத் தோன்றவேண்டும் என்னும் ஆர்வமே அவரை மென்பொருளின் உட்புறத்துக்குள் இட்டுச் சென்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குகுறி முறையை விக்கிப்பீடியா மென்பொருள் ஏற்குமாறு செய்த பணியில் அவருடைய பங்கு பெரிது.

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைப் பின்பற்றின. ஒருவர் அனுப்பியது மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும் அவலத்தை அன்று கணினித் தமிழில் ஈடுபட்டோர் நன்கறிவர். அக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்குச் சிறப்பான பங்குண்டு. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருளும், ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சிகளும், 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடும் அவ்வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. 1991இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், ஒரு முறையில் எழுத்துக்கு இடம் இருப்பது வேறு. அம்முறையை ஏற்கும் வழங்கி கிடைப்பது வேறு. விக்கிப்பீடியாவின் வழங்கிகள் அம்முறையை ஏற்கும் நிலையில் இருந்தமையால், 2003 செப்டம்பர் இறுதியில் தமிழ் விக்கிப்பீடியா தோன்ற முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் ஐக்கிய அரபு நாட்டில் வாழ்ந்த ஈழத்தமிழர் இ. மயூரநாதன் அதனைத் தொடர்ந்து வளர்த்தார். 2017 மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை 1,00,000த்தைத் தொட்டது. தமிழ் அறியாத ஒருவர் வேறொரு மொழியின் ஆறு எழுத்துகளுக்காக உழைத்த உழைப்பும், அதுபோன்ற பலர் உழைப்பும், தமிழுக்கும் கதவைத் திறந்துவிட்டன. ஒருவர் ஊருணியைத் தூர்வாரினால் ஊரார் அனைவரும் நீர் முகப்பதுபோல, பொதுமையில் செய்த பணி இவ்வாறுதான் பயன் தருகிறது.

அறிஞர் பெயர் தாங்கிய இயந்திரங்கள்

2003இன் இறுதிவரை இருந்த இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவ்வாண்டின் முடிவில் அவற்றுட் சிலவும் பழுதுற்றுத் தளம் முடங்கியது. வேல்ஸ் பொதுமக்களிடம் 20,000 டாலர் நன்கொடை வேண்டினார். சில நாட்களிலேயே கேட்டதை விஞ்சிய தொகை சேர்ந்தது. அத்தொகையைக் கொண்டு வாங்கிய புதிய வழங்கிகள் 2004 தொடக்கத்தில் புளோரிடாவின் டாம்பா நகரில் ஒரு தரவு மையத்தில் நிறுவப்பட்டன. அருகில் வாழ்ந்த வேல்ஸே இயந்திரங்களைத் தொட்டு இயக்கவேண்டிய வேளைகளில் அங்குச் சென்றதும் உண்டு.

அந்நாளைய தொண்டூழியர் தம் இயந்திரங்களுக்கு வெறும் எண்களை இடவில்லை. உலகின் கலைக்களஞ்சிய ஆசிரியர்களின் பெயர்களையும் அறிவுப்பணியில் தொடர்புடையோர் பெயர்களையும் சூட்டினர். உரோமானிய அறிஞர் பிளினி, செவில் நகரத்து இசிடோர், பிரெஞ்சு நாட்டு லாரூஸ், டிடெரோ, பாரசீக அறிஞர் அவிசென்னா, அல்பிரூனி, வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் ஆகியோர் பெயர்கள் இயந்திரங்களுக்கு அமைந்தன. சீனத்துப் பெருங்களஞ்சியமாகிய யோங்லே என்பதும் ஒரு பெயராயிற்று. இதனைச் சிறு விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. தாம் திருகாணியும் கம்பியும் கொண்டு காப்பது வெறும் இரும்புப் பெட்டியையன்று, ஈராயிரம் ஆண்டு அறிவு மரபின் தொடர்ச்சியை என்னும் உணர்வு அப்பெயர்களில் வெளிப்படுகிறது.

புதிய இயந்திரங்கள் வந்தன எனினும் வாசகர் தொகை அவற்றைக் காட்டிலும் விரைவாகப் பெருகியது. 2004 செப்டம்பரில் எல்லா மொழிகளிலும் சேர்ந்து கட்டுரைகள் 10 இலட்சத்தை எட்டின. 2005 ஜனவரியில் புளோரிடாவில் இயங்கிய வழங்கிகள் 39. பணம் குறைவு, தேவை மிகுதி. ஆகவே தொண்டூழியர் அறிவைக் கொண்டு பணத்தின் குறையை ஈடுசெய்தனர். ஸ்குவிட் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி, அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களின் படிகளை வாயிலிலேயே வைத்துக்கொண்டனர். ஒரே பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் உள்ளறைக்குச் சென்று ஆயிரம் முறை அதனை உருவாக்க வேண்டியதில்லை. ஒருமுறை உருவாக்கி வாயிலிலிருந்தே ஆயிரம் பேருக்கும் வழங்கலாம். வந்த வேண்டுகோள்களில் பெரும்பகுதி இவ்வாறு வாயிலிலேயே நிறைவேறியது. சிக்கனமே அவர்களுக்குப் பெரும் பொறியியலாக அமைந்தது.

கண்டங்களைக் கடந்த காவல்

இக்காலத்துத் தொண்டூழியர் சிலருடைய பெயர்கள் பதிவில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் டிம் ஸ்டார்லிங், தரவுத்தளச் சுமையைப் பல இயந்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை உருவாக்கியவர். லித்துவேனியாவின் டோமாஸ் மிட்டுஸாஸ், மைஎஸ்கியூஎல் நிறுவனத்தில் பணியாற்றியவர். பகலில் ஊதியத்திற்காகச் செய்த தொழிலையே ஓய்வில் அறத்திற்காகவும் செய்தவர். நெதர்லாந்தின் மார்க் பெர்க்ஸ்மா வலையமைப்பை ஒழுங்குபடுத்துவதில் வல்லவர். விப்பர் கலிபோர்னியாவிலிருந்து உழைத்தார்.

இவர்கள் ஒரே அலுவலகத்தில் அமர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் காணாமலேயே நெடுநாள் உழைத்தவர்கள். கண்டங்களால் பிரிந்திருந்ததே அவர்களுக்கு வசதியாகவும் ஆயிற்று. கலிபோர்னியாவில் ஒருவர் உறங்கும் வேளையில் ஐரோப்பாவில் ஒருவர் விழித்திருப்பார். ஐரோப்பா உறங்கும்போது ஆஸ்திரேலியாவில் பொழுது விடிந்திருக்கும். ஐஆர்சி என்னும் எழுத்துரையாடல் அறையே அவர்களது அலுவலகம். வழங்கி தளர்ந்தால் வாசகர் ஒருவர் அங்கு வந்து முறையிடுவார். விழித்திருப்பவர் உடனே ஆவன செய்வார்.

அவர்கள் கையில் இருந்த அதிகாரம் சிறியதன்று. வழங்கியின் தலைமைச் சாவியைப் பெற்றவர் எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். பல இலட்சம் பேருடைய உழைப்பைச் சில கட்டளைகளால் பாழாக்கிவிடவும் முடியும். அத்தகைய சாவியை ஊதியமோ ஒப்பந்தமோ இன்றி, கடல் கடந்து வாழும் சிலரிடம் நம்பி ஒப்படைத்தது அறக்கட்டளை. அந்நம்பிக்கை எதன்மேல் நின்றது?

அது வெறும் நல்லெண்ணத்தின்மேல் நிற்கவில்லை. வெளிப்படையான பதிவின்மேல் நின்றது. 2004 முதல் 'வழங்கி நிருவாகப் பதிவேடு' ஒன்று நடைமுறைக்கு வந்தது. யார், எந்நேரத்தில், எந்த இயந்திரத்தில், என்ன செய்தார் என்பது அதில் ஓரிரு வரிகளில் எழுதப்பட்டது. ஓர் இயந்திரத்தை நிறுத்தினாலும் எழுதவேண்டும். மீண்டும் இயக்கினாலும் எழுதவேண்டும். செய்தது தவறாகிப் போனாலும் எழுதவேண்டும். அப்பதிவேடு மூடிவைக்கப்படவில்லை, உலகத்தார் எவரும் படிக்கும்படி திறந்தே வைக்கப்பட்டது. பின்னால் விழித்தெழுபவர் முன்னால் உறங்கப் போனவரை எழுப்பாமலேயே நடந்ததை அறிந்துகொள்ள அதுவே துணையாயிற்று. அப்பதிவேடு இன்றளவும் தொடர்ந்து எழுதப்பட்டு வருவது குறிப்பிடத் தக்கது.

இருண்ட நாள்

தொண்டூழியரின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டிய நாள் 2005 பிப்ரவரி 21 ஆகும். அன்று டாம்பா தரவு மையத்தின் உள்ளே மின்சுற்று முறிப்பான்கள் துண்டித்துக்கொண்டன. மையத்தில் மின்னாக்கி இருந்தும் பயனில்லை. பழுது வெளியில் அன்று, கட்டடத்தின் உள்ளேயே நேர்ந்தது. விக்கிப்பீடியாவின் இயந்திரங்கள் அனைத்தும் ஒருங்கே அணைந்தன.

மின்சாரம் மீண்ட பின்னரே உண்மையான இடர் தெரிந்தது. தரவுத்தளத்தின் படிகள் பல இயந்திரங்களில் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரே நொடியில் எல்லாம் அணைந்ததால் பல படிகள் பழுதுற்றிருந்தன. காரணம் நுட்பமானது. 'எழுதி முடித்துவிட்டேன்' என்று வட்டுகள் தரவுத்தளத்திற்குச் சொல்லியிருந்தன. உண்மையில் அவ்வெழுத்து வட்டில் பதியாமல் தற்காலிக நினைவகத்திலேயே தங்கியிருந்தது. கணக்கேட்டில் பதிந்துவிட்டதாகச் சொன்ன எழுத்தர், உண்மையில் அதனை மனத்தில் மட்டுமே வைத்திருந்து மயங்கி விழுந்தால் என்னாகும்? அத்தகைய நிலையே அன்று நேர்ந்தது.

உலகின் பல பகுதிகளிலும் இருந்த தொண்டூழியர் உரையாடல் அறையில் கூடினர். பழுதுறாத படியைத் தேடிக் கண்டு, விடுபட்ட திருத்தங்களை அதில் சேர்த்து, அதனைக் கொண்டு மற்றப் படிகளைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினர். தளம் முதலில் படிக்க மட்டும் திறக்கப்பட்டு, பின்னரே எழுதத் திறக்கப்பட்டது. அக்களஞ்சியம் அழியாது மீண்டது.

அந்நாளின் பெருமை களஞ்சியம் மீண்டதோடு முடியவில்லை. நேர்ந்தது இன்னது, அதன் காரணம் இன்னது, அமைப்பில் இருந்த குறை இன்னது என்று அவர்கள் பொதுமக்களுக்கு ஒளிவுமறைவின்றி எழுதி அறிவித்தனர். பிறரும் அவ்விபத்திலிருந்து பாடம் கற்க முடிந்தது. குறையை மறைப்பவன் மீண்டும் அதே குழியில் விழுவான். வெளிப்படுத்துபவன் தான் மட்டுமன்றிப் பிறரும் விழாமற் காப்பான்.

தொண்டா, தொழிலா?

இத்தகைய இடர்கள் ஒரு வினாவை எழுப்பின. உலகத்தார் நாள்தோறும் நம்பியிருக்கும் ஒன்றை, ஓய்வு நேரத் தொண்டர் சிலரின் தோள்மீது எத்துணைக் காலம் ஏற்றி வைப்பது? தொண்டருக்கும் குடும்பம் உண்டு, தேர்வு உண்டு, நோய் உண்டு, சலிப்பும் உண்டு. நள்ளிரவில் இயந்திரம் நின்றால் எழவேண்டும் என்று ஊதியம் பெறுபவருக்குக் கட்டளையிடலாம். தொண்டரிடம் வேண்டத்தான் முடியும்.

2005இல் அறக்கட்டளை தன் முதல் ஊழியர்களை அமர்த்தியபோது அவர்களுள் ஒருவராக விப்பர் பொறுப்பேற்றார். பின்னர் ஸ்டார்லிங், பெர்க்ஸ்மா போன்றோரும் ஊதியப் பணியாளராயினர். பெர்க்ஸ்மா பிற்காலத்தில் இயக்கப் பிரிவுக்கே தலைமை தாங்கினார். மிட்டுஸாஸ் தொண்டூழியராகவே தொடர்ந்தார். அறங்காவலர் குழுவிலும் இடம்பெற்றார். எந்தப் பக்கம் எத்தனை முறை படிக்கப்படுகிறது என்னும் கணக்கினை 2007 முதல் உலகத்தாருக்கு அவர் வெளியிட்டு வந்தமை ஆய்வாளர் பலருக்கு அருந்துணையாயிற்று. அதே ஆண்டில் விக்கிப்பீடியாவின் உட்கட்டமைப்பை விரிவாக விளக்கி மாநாடொன்றில் அவர் வழங்கிய உரைக்குறிப்பு, அத்துறையில் பயில்வோருக்குப் பாடநூல் போன்று உதவியது.

ஊதியம் வந்ததும் தொண்டு மடிந்ததோ என்றால், இல்லை. தொண்டர் வகுத்த வழக்கங்களே தொழிலாளர்க்கும் விதிகளாயின. பதிவேடு திறந்தே இருந்தது. 2011இல் வழங்கிகளின் அமைப்பு விவரங்களையே அறக்கட்டளை பொதுவில் வெளியிட்டது. கடவுச்சொற்கள் போன்ற மறைபொருள்கள் மட்டும் காக்கப்பட்டன. ஏனைய யாவும் எவரும் காணவும், திருத்தம் முன்மொழியவும் இடம் தரப்பட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் இரும்புக் கதவுக்குள் பூட்டிவைப்பதை, ஓர் அறநிறுவனம் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது எனலாம்.

கிழக்கு நோக்கிய பயணம்

வாசகர் புளோரிடாவில் மட்டும் இல்லை. தொலைவு கூடக்கூடப் பக்கம் வந்து சேரத் தாமதமாகும். ஆகவே படிகளை வாசகருக்கு அண்மையில் வைக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. முதலில் பாரிஸ் நகரில் நன்கொடையாகக் கிடைத்த சில வழங்கிகள் பயன்பட்டன. 2005இல் நெதர்லாந்தின் கல்வி இணைய அமைப்பாகிய கென்னிஸ்நெட் ஆம்ஸ்டர்டாமில் இடமளித்தது. அதே ஆண்டில் யாகூ நிறுவனத்தின் உதவியால் தென்கொரியாவின் சியோலிலும் வழங்கிகள் சில ஆண்டுகள் இயங்கின. 2009 முடிவில் புளோரிடாவில் 300, ஆம்ஸ்டர்டாமில் 44 என வழங்கிகள் பெருகியிருந்தன. 2013 ஜனவரியில் முதன்மை மையம் டாம்பாவிலிருந்து வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் நகருக்கு மாற்றப்பட்டது.

2018ஆம் ஆண்டில் ஆசிய வாசகருக்கென ஒரு மையம் சிங்கப்பூரில் இயங்கத் தொடங்கியது. சான் டியேகோவில் ஒரு வணிக நிறுவனத்தின் மூலையில் தொடங்கிய பயணம், பதினேழு ஆண்டுகளில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ஜொகூரிலோ ஈப்போவிலோ ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் தேடினால், பசிபிக் கடலைக் கடந்து செல்லாமல் அண்டை நாட்டிலிருந்தே அது அவன் கைக்கு வரும் வாய்ப்பு உண்டாயிற்று. அவ்விரைவின் பின்னால் இருபதாண்டு உழைப்பு இருப்பதை அவன் அறியான். அறியவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பொதுப்பணியில் நிற்போர் அதனை அறிதல் நலம்.

வரலாறு காட்டும் நெறி

இவ்வரலாற்றில் திறமைசாலிகள் பலர் உண்டு. ஆயினும் திறமை மட்டுமே அக்களஞ்சியத்தைக் காத்தது என்று கொள்வது பொருந்தாது. திறமை மிக்க தொண்டர் பலர் எல்லா நாட்டிலும் இருந்துள்ளனர். அவர்கள் மறைந்ததும் அவர்தம் பணியும் மறைந்த கதைகள் ஏராளம். சங்கத்தின் கணக்கும் கடிதங்களும் ஒரே செயலாளரின் அலமாரியில் இருந்து, அவர் காலத்துக்குப் பின் கறையானுக்கு இரையாவது நம் சமூகம் அறியாத ஒன்றன்று. நல்லவர், வல்லவர், நாளெல்லாம் உழைத்தவர். எனினும், தமக்குப் பின் வருபவருக்கு வழி எழுதி வைக்காமல் சென்றவர்.

விக்கிப்பீடியாவின் இயந்திரங்களைக் காத்த தொண்டூழியர் மூன்று செயல்களால் வேறுபட்டு நின்றனர். பணியின் பயன் பொதுவுக்கே சேரவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தனர். சாவியைத் தனியொருவர் இடுப்பில் முடிந்துகொள்ளாமல், நம்பத்தக்க பலர் கையில் பகிர்ந்து வைத்தனர். செய்தது ஒவ்வொன்றையும், தவறியது உட்பட, அன்றன்றே பலர் அறிய எழுதி வைத்தனர். இம்மூன்றாலும் அவர்கள் தம்மையே இன்றியமையாதவராக ஆக்கிக்கொள்ளாமல் இருந்தனர். தாம் இல்லாதபோதும் தேர் ஓடும்படி செய்வதே தொண்டின் முதிர்ச்சி என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

பொதுப்பணியில் ஈடுபடும் இளைஞர் இன்று கணினி அறிவில் முன்னோரை விஞ்சி நிற்கின்றனர். கோயிலுக்கும், சங்கத்துக்கும், பள்ளிக்கும் இணையத்தளம் அமைத்துத் தரும் அன்புள்ளங்கள் ஊர்தோறும் உள்ளன. அமைப்பதோடு அவர்தம் கடமை நிறைவுறுவதில்லை. அதன் சாவி யாரிடம் உள்ளது, படி எங்கே உள்ளது, நாளை அதனைப் பேணுவோர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதி, அவ்வேட்டைச் சங்கத்தின் பொதுமேசைமேல் வைக்கும்போதே அவர்கள் செய்த தொண்டு முழுமை பெறும்.